படுவான்கரைப் பிள்ளைகள் எங்கும் போகவில்லை: அம்பிளாந்துறையிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு பயணம்

இந்த வலைப்பூவில் வழக்கமாகக் கடற்கரையும் சாப்பாட்டுக் கடையும்தான் வரும். பாசிக்குடாவில் குழந்தையை எந்தப் பக்கம் இறக்கலாம், எந்தக் கடையில் பால் சுடவைத்துத் தருவார்கள் என்று எழுதினால் நூறு பேர் வாசிப்பீர்கள். போன மாசியில் நான் போனது ஒரு மருத்துவ ஆய்வு நிலையத்துக்கு. அழகான படம் ஒன்றுகூட எடுக்கவில்லை. நிறை குறைந்து பிறந்த பிள்ளையோடு வாவிக்கு மேற்கே இருக்கும் எந்தத் தாய்க்கும் இந்தப் பயணம் ஒரு நாள் வாய்க்கலாம் என்பதால் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியூர்க்காரருக்கு ஒரு விளக்கம். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம் இருப்பது எழுவான்கரை. நகரமும் பெரிய ஆஸ்பத்திரியும் அந்தப் பக்கம். மேற்கே இருப்பது படுவான்கரை. வயலும் குளமும் நாங்களும் இந்தப் பக்கம். என் ஊர் அம்பிளாந்துறை.

என் மகள் கயல் ஒன்றரை மாதம் முந்திப் பிறந்தவள். பிறந்த சில நாட்களில் ஆஸ்பத்திரிக்கு ஓர் ஆய்வுக் குழு வந்து கேட்டது. முந்திப் பிறக்கும் பிள்ளைகளைத் தாயின் நெஞ்சில் தோலோடு தோலாக அணைத்து வைத்து வளர்த்தால் ஒரு வயதில் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கப்போகிறோம், நீங்களும் சேர்கிறீர்களா என்றார்கள். சேர்ந்தேன். இடையில் இரண்டு முறை அவர்கள் வீட்டுக்கு வருவார்கள், ஒரு வயதில் நாங்கள் நகரத்திலுள்ள ஆய்வு நிலையத்துக்குப் போகவேண்டும், நிறை, உயரம், கண், காது எல்லாம் பார்ப்பார்கள் என்பது ஏற்பாடு. நான் என் பங்கைச் செய்தேன். வெக்கையில் முதுகு வழிய வழிய அவளை நெஞ்சில் கட்டிக்கொண்டு கிடந்தேன். வீட்டுக்குத்தான் ஒருவரும் வரவில்லை.

பிறகு என் கணவரின் தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. அவர் பாசிக்குடாவில் ஒரு ஹொட்டேலில் சமையல் வேலை, வேலை நேரத்தில் தொலைபேசி கையில் இருக்காது. இரவு பார்த்துவிட்டு எனக்கு அனுப்பினார். குடும்பம் இடம் மாறிவிட்டதால் பிள்ளை ஆய்விலிருந்து விலக்கப்பட்டுள்ளது, ஒரு வயதுப் பரிசோதனைக்கு வரத் தேவையில்லை என்று இருந்தது. நான் எங்கே மாறினேன்? சந்தைக்குப் போய் வந்ததைத் தவிர எங்கும் போகவில்லை.

மாங்கேணியிலுள்ள மாமிக்கு, அதாவது என் கணவரின் தாய்க்கு, தொலைபேசி எடுத்துக் கேட்டேன். இரண்டு தரம் வாகனத்தில் ஆட்கள் வந்ததாகச் சொன்னார்.

"மகன்ட பேரச் சொல்லிக் கேட்டாங்க. அவன் கலியாணம் முடிச்சுப் படுவான்கரையில இருக்கான், புள்ள தாய்ர ஊட்டதானே இருக்கும், இஞ்ச ஏன் வாறீங்க எண்டு சொன்னன். எழுதிப்போட்டு வந்த வழியே கிறுகிப் போயிட்டாங்க. மறுகா உன்னட்ட வந்திருப்பாங்க எண்டு நினைச்சன்."

அப்போதுதான் விளங்கியது. பிள்ளையைச் சேர்க்கும்போது என் கணவரின் அடையாள அட்டையில் இருந்த முகவரியைப் பதிந்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். பிறந்த பிள்ளை தாயின் ஊரில் வளரும். மட்டக்களப்பில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இந்தச் சங்கதி தெரியாமல், தெற்கே இருக்கிற பிள்ளையைத் தேடி நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் வடக்கே மாங்கேணிக்கு ஓடியிருக்கிறார்கள். இரண்டு தரம்!

அடுத்த செவ்வாய் காலை புறப்பட்டேன். வரத் தேவையில்லை என்று சொன்ன இடத்துக்குப் போவதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது.

அம்பிளாந்துறையிலிருந்து நகரத்துக்கு இரண்டு வழி. மண்முனைப் பாலத்தால் சுற்றிப் போகலாம், அல்லது துறையிலிருந்து 'பாதை' பிடித்துக் குருக்கள்மடத்தில் இறங்கலாம். பாதை என்பது வாவியைக் கடக்கும் தட்டையான இயந்திரப் படகு. மனிதர், மோட்டார் சைக்கிள், பால்கேன், கோழிக்கூடு எல்லாம் ஒன்றாக ஏறும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் இயந்திரத்துக்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள், புகையும் சத்தமும் குறைவு. காலை ஏழு மணிக்கு முன்னால் போனால் வெயிலும் இல்லை. கட்டணத்தை எழுதினால் நீங்கள் போகும்போது மாறியிருக்கும், ஆகவே சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

பாதையில் சசிகலாவைக் கண்டேன். கயலும் அவளுடைய மகன் துவாரகனும் பிறந்தபோது நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள். அவள் களுதாவளைக்குப் புருஷனின் தமக்கை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதே செய்தி வந்திருந்தது. அவளுடைய புருஷனின் ஊர் களுதாவளை, ஆட்கள் அங்கே போய்த் தேடியிருக்கிறார்கள். பஸ் காசு மிச்சம் என்று விட்டுவிட்டாளாம்.

இயந்திரத்தைக் கிளப்பினார்கள். கயல் வீரிட்டு அழுதாள். அங்கிருந்த இன்னொரு குழந்தையும் அழுதது. துவாரகன் தாயின் தோளில் கன்னத்தை வைத்து வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் தலைக்குப் பின்னால் கையைத் தட்டினேன். திரும்பவில்லை. இன்னொரு தரம் தட்டினேன். சசிகலா சிரித்தாள்.

"அவன் சோலியில்லாத புள்ள கா. எந்தச் சத்தத்துக்கும் எழும்பமாட்டான்."

முந்திப் பிறக்கும் பிள்ளைகளுக்குக் காது கேளாமல் போகலாம், ஒரு வயதுக்குள் கண்டுபிடித்தால்தான் பேச்சு வரவைப்பது சுலபம் என்று சேரும்போதே சொல்லியிருந்தார்கள். அந்தப் பரிசோதனைக்குத்தான் இவன் வரத் தேவையில்லை என்று எழுதியிருக்கிறார்கள். சசிகலாவிடம் பயத்தைக் காட்டாமல், களுதாவளைக்கு நாளைக்குப் போகலாம், இன்றைக்கு என்னோடு வா என்றேன். முதலில் மாட்டேன் என்றாள். குருக்கள்மடத்துத் துறையில் இறங்கும்வரை நான் விடவில்லை.

துறையிலிருந்து பிரதான வீதிக்கு ஓட்டோ எடுங்கள், பிள்ளையோடு நடக்கவேண்டாம். வீதியில் கல்முனைப் பக்கமிருந்து வரும் பஸ்கள் அடிக்கடி இருக்கும். கிரான்குளம், ஆரையம்பதி தாண்டி, காத்தான்குடியில் நடுவீதிப் பேரீச்சை மரங்களைப் பார்த்து, கல்லடிப் பாலத்தால் ஏறினால் நகரம். முக்கால் மணி நேரம் பிடித்தது. கண்டக்டர் கயலைக் கண்டதும் ஓர் இருக்கையைக் காலியாக்கித் தந்தார். பாலத்தில் காற்று அள்ளும், தலைக்குத் துணி கட்டுங்கள்.

நிலையத்தில் பதிவு மேசையிலிருந்த இளம்பெண் எங்கள் பெயர்களைத் தேடிவிட்டு, நீங்கள் இப்போது இதில் இல்லை அக்கா என்றாள். அவளில் பிழையில்லை. பொறுப்பான டொக்டரைக் காணாமல் போகமாட்டோம் என்று ஒற்றைக்காலில் நின்றேன். கயலும் ஒத்துழைத்துக் கத்தினாள். டொக்டர் வெளியே வந்தார். மலையகத்தைச் சேர்ந்தவர், நல்ல மனிதர். அதனால்தான் கோபத்தைக் கட்டுப்படுத்துவது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இரண்டு வீட்டுப் பரிசோதனையும் தவறிய பிள்ளையை வைத்திருக்க ஆய்வின் விதியில் இடமில்லை என்று பொறுமையாகச் சொன்னார். தவறியது நாங்கள் இல்லை, நீங்கள் என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

"புள்ள அப்பா வீட்டுலதானே இருக்கும்?" என்றார்.

"எங்கட பக்கம் ஊடு பொம்புளைட, டொக்டர். மாப்பிளதான் வந்து இருப்பாரு. நீங்க போய்த் தட்டினது மாமியாக்கள்ட கதவு."

அவர் மேசையிலிருந்த பெண்ணை அழைத்துப் பதிவுகளைப் பார்க்கச் சொன்னார். படுவான்கரையிலிருந்து சேர்ந்த பிள்ளைகளில் அநேகருக்கு இதே கதை என்று தெரியவந்தது. எல்லோரும் இடம் மாறியவர்கள். ஒரு கரை முழுக்க மூட்டை கட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டதாம், எங்களுக்குத்தான் தெரியாது.

அப்படியென்றால் இந்த ஆய்வு முடிவில் என்ன சொல்லும் என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை. ஆய்வில் மிஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் நகரத்துக்குக் கிட்ட இருக்கும் பிள்ளைகள், அவர்கள் நன்றாக வளர்ந்திருக்கிறார்கள் என்றார். நிறை குறைந்து பிறந்த பிள்ளைகளுக்கு இங்கே பெரிய குறை இல்லை என்றுதான் அது வாசிக்கப்படும். நாளைக்குப் படுவான்கரையில் ஒரு கிளினிக் கேட்டால், அங்கே தேவையில்லை என்று அதையே தூக்கிக் காட்டுவார்கள். எனக்கு ஆத்திரத்தில் கண்ணீர் வந்துவிட்டது. அழுததற்கு வெட்கப்படவில்லை.

வந்தது வந்துவிட்டீர்கள், உங்கள் மகளை இன்றைக்குப் பார்த்துவிடுகிறேன், மேலிடத்தில் கேட்டு அவளைத் திரும்பச் சேர்க்க முயற்சி செய்கிறேன் என்றார் டொக்டர். பெரிய உபகாரம் செய்கிற குரல்.

"முதல்ல இந்தப் பொடியன்ட காதப் பாருங்க" என்றேன். "மறுகா மத்தப் புள்ளைகளையும் போய்த் தேடுங்க. அது நடக்காட்டி என்ட மகள்ட நிறையை எழுத விடமாட்டன். அவளையும் போனவ எண்டே வச்சிருங்க."

சசிகலா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். ஆய்வில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு பிள்ளையின் காதைப் பார்க்க எந்த விதியும் தேவையில்லை என்று டொக்டரே சொல்லித் துவாரகனை வாங்கிக்கொண்டார்.

பின்னாலிருந்து ஒருத்தி கிலுக்கை ஆட்டினாள். மணி அடித்தாள். அவன் முன்னாலிருந்த சிவப்புப் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரிய தட்டை மேசையில் போட்டபோது மட்டும் மெல்லத் திரும்பினான். பிறகு காதுக்குள் சின்னக் கருவியை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு, முழுப் பரிசோதனை உடனே வேண்டும், கருவி போட்டால் பேச வைக்கலாம், நல்ல வேளையாக இன்னும் ஒரு வயது ஆகவில்லை என்றார் டொக்டர். அந்த வாரத்துக்குள்ளேயே காது நிபுணரிடம் நாள் வாங்கித் தந்தார்.

திரும்பும் பஸ்ஸில் காத்தான்குடி தாண்டியபிறகு சசிகலா கேட்டாள்.

"நான் தாலாட்டுப் பாடினது ஒண்டும் கேட்டிருக்காது என்ன?"

மகனின் இரண்டு காதிலும் மாற்றி மாற்றி முத்தமிட்டுக்கொண்டு வந்தாள்.

பத்து நாள் கழித்து டொக்டர் தொலைபேசியில் எடுத்தார். விலக்கிய பிள்ளைகளைத் திரும்பத் தேட அனுமதி கிடைத்துவிட்டது, குழு படுவான்கரைக்கு வருகிறது, வழி சொல்வீர்களா என்றார். வலைப்பூவில் எழுதுகிறேன், வாசியுங்கள் என்றேன். ஆகவே இந்த முறை பயணக் குறிப்பு தாய்மாருக்கு மட்டுமில்லை, அந்தக் குழுவுக்கும்தான்.

நகரத்தில் கல்முனை பஸ் ஏறிக் குருக்கள்மடத்தில் இறங்குங்கள். வாகனத்தில் வருவதானால் மண்முனைப் பாலத்தால் வாருங்கள். அறுவடைக் காலத்தில் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், போகும் உழவு இயந்திரங்கள் வீதியை அடைக்கும், அவசரப்படவேண்டாம். மாலைக்குள் திரும்பிவிடுங்கள், கடைசிப் பாதை யாருக்காகவும் நிற்காது. நிறை பார்க்கும் தராசை ஈரம் படாமல் சுற்றிக் கொண்டுவாருங்கள். தேத்தண்ணி நாங்கள் தருவோம்.

ஊருக்குள் வந்து தகப்பன் பெயரைச் சொல்லி விசாரித்தால் கடைக்காரருக்கும் தெரியாது. தாயின் பெயரைச் சொல்லுங்கள், சின்னப் பிள்ளையும் கூட்டிக்கொண்டு போய் விடும்.

முதலில் சசிகலாவின் வீட்டுக்குப் போங்கள். கருவி வந்து சேரும்வரை துவாரகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பயனில்லை. முன்னால் போய் நின்று கையைக் காட்டுங்கள், சிரிப்பான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவன் அந்த வீட்டில்தான் இருக்கிறான்.