கை காட்டாத நாள்

ஆடே இல்லாமல் ஆடு மேய்க்கிறவனைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். தலையில் முண்டாசு, கையில் தொரட்டி, இடுப்பில் அழுக்கு வேட்டி, எல்லாம் சரிதான். ஆனால் முண்டாசுக்குக் கீழே பிடரியில் ஒட்ட வெட்டிய போலீஸ் கிராப்பு, கெண்டைக்காலில் போலீஸ் பட்டித்துணி சுற்றிய தடம். புதுக்கோட்டையிலிருந்து ஆவுடையார்கோவிலுக்கு பஸ் ஓட்டிய காலத்தில், ரோட்டோரம் யார் நின்றாலும் நான் முதலில் பிடரியைத்தான் பார்ப்பேன். கண்மாயில் குளித்துவிட்டுத் தலை துவட்டுகிறவனைக்கூட விட்டதில்லை.

சமஸ்தானம் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. தார் ரோடு வந்தது. அதன் பின்னாலேயே வேகம் பிடிக்கிற போலீசும் வந்தது. ஒரு பர்லாங் கல்லுக்குப் பக்கத்தில் ஒருவன் ஒளிந்திருப்பான். வண்டி அந்தக் கல்லைத் தாண்டியதும் கைக்குட்டையை ஆட்டுவான். அடுத்த பர்லாங் கல்லில் சப்-இன்ஸ்பெக்டர் ஸ்டாப் வாட்சோடு உட்கார்ந்திருப்பார். பஸ் முப்பது மைலுக்கு மேல் போகக் கூடாது. அதாவது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் பதினைந்து விநாடிக்குள் அடுத்த கல்லுக்கு வந்துவிட்டால் கேஸ். அபராதத்தைக் கட்டித் தொலைக்கலாம். லைசென்ஸ் புத்தகத்தில் சிவப்பு மையால் எழுதுவார்களே, அதுதான் பயம். மூன்றாவது தடவை எழுதினால் ஒரு வருஷத்துக்கு ஸ்டியரிங்கைத் தொட முடியாது. என் புத்தகத்தில் ஏற்கெனவே இரண்டு இருந்தன.

எதிர்வண்டிக்காரர் புத்தகத்திலும் இரண்டுதான். அவர் வேறு கம்பெனி, என்னைவிடப் பத்து வயது இளையவர். காலையில் அவர் ஆவுடையார்கோவிலிலிருந்து வருவார், நான் அங்கே போவேன். வல்லத்திராக்கோட்டைப் பக்கம் தினமும் எதிரெதிரே கடப்போம். எங்கள் முதலாளிகள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள். கண்டக்டர்கள் ஆள் ஏற்றுவதில் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். டிரைவர்களுக்குள் மட்டும் ஒரு முறை இருந்தது. வந்த வழியில் போலீஸ் ஒளிந்திருந்தால், எதிரே வருகிற வண்டிக்கு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, உள்ளங்கையால் இரண்டு தடவை கீழே அமுக்கிக் காட்ட வேண்டும். எந்தக் கம்பெனி வண்டியானாலும் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ரோடு சுத்தம் என்று அர்த்தம். அந்த முறையை யாரும் மீறி நான் பார்த்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை அவர் கை காட்டினார். நான் உடனே வேகத்தைக் குறைத்தேன். எந்தக் கல்லில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாததால் நாலு மைல் ஊர்ந்தேன். ஒரு காக்கிச் சட்டையையும் காணோம். செவ்வாய்க்கிழமையும் கை காட்டினார். அன்றும் ஒரு ஈ காக்கை இல்லை. புதன்கிழமை மறுபடி காட்டினார். நான் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே, எனக்குப் பத்து நிமிஷம் கழித்துக் கிளம்பிய அவருடைய கம்பெனி வண்டி ஹாரனை அலறவிட்டு என்னை முந்தியது. அடுத்த ஊரில் எனக்காக நின்ற காதுகுத்துக் கூட்டத்தை, தாய்மாமன் சீர் முதற்கொண்டு, அள்ளிப் போட்டுக்கொண்டு போயிற்று.

"என்னண்ணே, மாட்டு வண்டியா ஓட்டுறீங்க? மொதலாளிக்கு நான்ல பதில் சொல்லணும்" என்று என் கண்டக்டர் குதித்தான்.

எனக்குப் பொறி தட்டியது. மூன்று நாள் கை காட்டுகிறார், மூன்று நாளும் போலீஸ் இல்லை. மூன்றாம் நாள் அவர் கம்பெனி வண்டிக்கு வசூல். அவருடைய முதலாளி ரகசியமாகச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் கடக்கும்போது அவர் சிரிக்கிற சிரிப்பு எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. நேரே போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் மழுப்புவார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

சனிக்கிழமை வல்லத்திராக்கோட்டைக்கு முன்னால் ஒரு வைக்கோல் வண்டி ரோட்டை அடைத்துக்கொண்டு போயிற்று. அதன் பின்னால் திட்டிக்கொண்டே நகர்ந்தபோதுதான் பார்த்தேன், புளியமரத்தடிக் கல்லில் கைக்குட்டையோடு ஒருவன். அடுத்த கல்லில், தாழம்புதருக்குள், சப்-இன்ஸ்பெக்டரின் தொப்பி. வைக்கோல் வண்டி இல்லாவிட்டால் என் பிழைப்பு அன்றோடு முடிந்திருக்கும். ஒரு மைல் தாண்டியதும் எதிரே அவருடைய வண்டி வந்தது.

நான் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் வழக்கம்போலச் சிரித்து ஒரு சலாம் வைத்துவிட்டுக் கடந்தார். நான் கை காட்டாததால் ரோடு சுத்தம் என்று நம்பி வேகத்தைக் கூட்டினார். இன்ஜின் சத்தம் மாறியது எனக்கு நன்றாகக் கேட்டது. பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சீட்டியடித்துக்கொண்டு போனேன்.

அவருக்குக் கேஸ் எழுதினார்கள். மூன்றாவது சிவப்பு மை. ஒரு வருஷத்துக்கு லைசென்ஸ் போயிற்று. கம்பெனி வேறு ஆளைப் போட்டுக்கொண்டது. அவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு மாமனார் கொல்லையில் கடலை பறிக்கப் போய்விட்டதாகப் பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள்.

ஒன்றரை மாசம் கழித்து அவரே புதுக்கோட்டையில் என் வண்டியில் ஏறினார். லைசென்ஸ் தடைக் காலத்தைக் குறைக்கச் சொல்லி மனுக் கொடுக்க வந்தாராம், முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். வெயிலில் கறுத்துப்போயிருந்தார். வண்டியில் வேறு இடமிருந்தும் எனக்குப் பக்கத்தில், முன் சீட்டில் வந்து உட்கார்ந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"அன்னைக்கு நீங்க கை காட்டலையேண்ணே. அவனுங்களைப் பாக்கலையா?"

"பாக்கலை தம்பி. வைக்கோல் வண்டி ஒண்ணு மறைச்சுக்கிட்டுப் போச்சு."

"நானும் வீட்ல அதைத்தான் சொன்னேன். அண்ணன் கண்ணுலயே படலைன்னா எங்கிட்டுப் போயி ஒளிஞ்சிருந்தானுங்களோன்னு." உள்ளங்கையால் இரண்டு தடவை கீழே அமுக்கிக் காட்டினார். "அந்த வாரம் மூணு நாளு நான் கை காட்டுனேன்ல? ஒங்களுக்கு ஆளே இருந்திருக்க மாட்டானுங்களே. வண்டியெல்லாம் மெதுவாப் போகவும் உஷாராகி, ஜீப்பைத் தூக்கிக்கிட்டுக் கண்மாய்க் கரை வழியா வேற ரோட்டுக்குப் போயிட்டானுங்களாம். எனக்குக் கேஸ் எழுதுறப்ப ஏட்டு சொன்னாரு. பின்னாடி வந்த எங்க கம்பெனி வண்டிக்கும் காட்டத்தான் செஞ்சேன், அவன் மதிக்காமப் பறந்துட்டான். ஒங்களுக்குத்தான் வீணா டயம் போச்சு, மன்னிச்சுக்கங்கண்ணே."

அப்போதும் என் புத்தி சும்மா இருக்கவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டுதான் குத்திக் காட்டுகிறாரோ? தலைக்கு மேலிருந்த கண்ணாடியைத் திருப்பி, ரோட்டை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

"அண்ணே, மெதுவா! பிரேக்கு, பிரேக்கு!"

திடுக்கிட்டு அமுக்கினேன். பின்னால் ஜனங்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து கத்தினார்கள். முன்னால் பாலத்துக்கு இந்தப் பக்கம் பர்லாங் கல், அதன் அருகே மண்வெட்டியோடு ஒருவன்.

"வரப்பே இல்லாத எடத்துல மம்பட்டியை வச்சுக்கிட்டு என்ன பண்றான் பாருங்க" என்றார் அவர். "இப்படியே போங்க. கியரை மாத்தாதீங்க."

மண்வெட்டிக்காரன் கைக்குட்டையை ஆட்டினான். அவர் வாய்விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார். அடுத்த கல்லில் கருவேல மறைவில் உட்கார்ந்திருந்த சப்-இன்ஸ்பெக்டரைக் கடக்கும்போது இருபத்து மூன்று. எங்களை ஒரு முறை முறைத்துவிட்டு சப்-இன்ஸ்பெக்டர் வாட்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பக்கத்தில் இருந்தவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ஒங்க லைசென்சும் போயிருந்தா ரெண்டு குடும்பமுல்லண்ணே தெருவுல நின்னுருக்கும்."

அந்தச் சிரிப்பிலும் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றுமே இல்லை. நான் பார்த்தேன் தம்பி, பார்த்துவிட்டுத்தான் கை காட்டவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் நிறுத்தம் வந்துவிட்டது. "வாரேண்ணே, பாத்துப் போங்க" என்று சொல்லி இறங்கிக் கொல்லைப் பக்கம் நடந்தார். கண்டக்டர் விசில் அடித்தான், நான் வண்டியை எடுத்தேன்.