கறுப்பு ரப்பர் தவளை

அன்றைக்குக் கார்த்திகை மாதத்தின் கடைசி நாள். விடிந்தால் மார்கழி. மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை மாமியார் வீட்டிலிருந்து தாய்வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். தை வரை பொறுக்கலாம் என்றால், என் மகளுக்கு ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. தைக்கு முன்னாலேயே பிரசவம் ஆகிவிடும். அன்று பொழுது சாய்வதற்குள் முதுகுளத்தூர்ப் பக்கம் இருக்கும் சம்பந்தி வீட்டுக்குப் போய், என் பிள்ளையை அனுப்புங்கள் என்று நான் வாய்விட்டுக் கேட்டாக வேண்டும்.

வழக்கமாக இதைப் பெண்ணைப் பெற்றவள்தான் கேட்பாள். என் மனைவி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அதனால் அது என் தலையில் விழுந்தது. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் திருப்பாலைக்குடிக் கடலுக்குப் போனவன். கடலில் பேசாமலே ஒரு நாளை ஓட்டிவிடலாம். ஏழாம் மாத வளைகாப்புக்குப் போனபோதே கேட்கலாம் என்றுதான் போனேன். பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன், சாப்பிட்டேன், பஸ் ஏறிவிட்டேன்.

முந்தின நாள் மகள் போன் செய்தாள். "அய்யா, நாளைய விட்டா அம்புட்டுத்தான். நானாக் கெளம்பி வந்தா ஓடி வந்தவன்னு சொல்லுவாக. நீங்க வந்து கேளுங்க. ஒரு வார்த்தைதான்யா" என்றாள்.

சரி என்றேன். போனை வைத்துவிட்டுத் தூண்டில் பெட்டியைத் திறந்தேன்.

அதற்கும் காரணம் உண்டு. வளைகாப்பு அன்று சம்பந்தி எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்: "கடல்ல பிடிக்கிறது பெருசில்ல. எங்க கண்மாய்ல ஒரு விராலப் பிடிச்சுக் காட்டுங்க சம்பந்தி, நீங்க கடல்காரர்னு ஒத்துக்கிறேன்." ஒரு விராலைப் பிடித்து அவர் கையில் கொடுத்துவிட்டால் வார்த்தை தானாக வந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. வெறுங்கையோடு அவர் முன்னால் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

வாடைக்காற்று அடிக்கும் நாட்களில் எங்கள் கரையில் வள்ளம் இறக்க முடியாது. அப்போதெல்லாம் ஓடை கடலில் சேரும் இடத்தில் நின்று பொய் இரை வீசிக் கொடுவா பிடிப்பேன். கடையில் அதை லூர் என்பார்கள். என்னிடம் இருந்தவை இரண்டு. ஒன்று, கரண்டியின் குழிபோல வளைந்த வெள்ளித் தகடு. இழுத்தால் புரண்டு புரண்டு மின்னும். இன்னொன்று, மீன்போலச் செய்த பிளாஸ்டிக். மூக்குக்கடியில் ஒரு நாக்கு இருக்கும், இழுத்தால் அது தலையைத் தண்ணீருக்குள் அமுக்கும். கண்மாய்க்கு இவை போதாது என்று கேள்விப்பட்டு, ராமநாதபுரம் கடையில் ரப்பர் தவளை ஒன்றும் வாங்கினேன்.

கடைக்காரத் தம்பி பச்சையை எடுத்து நீட்டினார். "இத எடுங்கண்ணே, நெசத் தவளை மாதிரியே இருக்கும்."

நான் கறுப்பை எடுத்தேன். மீன் தவளையைக் கீழேயிருந்து பார்க்கிறது. மேலே வெளிச்சமான வானம். முதுகில் என்ன நிறம் பூசினாலும் அதற்குத் தெரிவது இருட்டான ஓர் உருவம்தான். கலங்கல் தண்ணீரில் கறுப்புதான் தெளிவாக விழும் என்பது ஓடையில் நான் கண்டது. பிறகு ஒவ்வொரு தவளையின் வயிற்றையும் அமுக்கிப் பார்த்து, இருப்பதில் மிருதுவானதை எடுத்தேன். முதுகோடு படிந்திருக்கும் இரண்டு தூண்டில் முட்களும் மீன் கடித்து அமுக்கும்போதுதான் வெளியே வரும். ரப்பர் கெட்டியாக இருந்தால் மீன் கடிக்கும், மாட்டாது.

சம்பந்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் வந்திருந்தது. ஆனாலும் குளிர் விடவில்லை. சம்பந்தியம்மா காப்பி கொண்டுவந்தார். மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் ஊதியிருந்தது. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, கம்போட வந்திருக்கீக?" என்று சம்பந்தியம்மா கேட்டார்.

"கண்மாய்ல... சம்பந்தி அன்னைக்கிச் சொன்னாக... விரால்..." என்றேன்.

மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மகள பாக்க வந்தாகளா, மீன பாக்க வந்தாகளா?" என்று சம்பந்தியம்மா யாரிடமோ கேட்பதுபோலக் கேட்டுவிட்டு உள்ளே போனார். சம்பந்தி மட்டும் உற்சாகமாகத் துண்டை உதறித் தோளில் போட்டார். ஆடுகளை முன்னால் ஓட்டிக்கொண்டு கண்மாய்க்கரைக்கு நடந்தோம். நாலு மணிப் பஸ்ஸை விட்டால் ராமநாதபுரத்துக்கு நேர் பஸ் கிடையாது. அதற்குள் கேட்க வேண்டும்.

கண்மாய் நிறைந்து கிடந்தது. கரையோரம் அல்லி இலை, அதற்கப்பால் கோரை, நடுவில் தண்ணீரில் மூழ்கிய கருவேல மரங்கள். முதலில் தகட்டை வீசினேன். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு பிடி பாசியோடு திரும்பி வந்தது.

"கீரை ஆய வந்தீகளா சம்பந்தி?" என்றார் அவர்.

அடுத்து பிளாஸ்டிக் மீன். நாலாவது வீச்சில் அது மூழ்கிய கருவேலத்தின் கிளையைப் போய்ப் பிடித்துக்கொண்டது. இழுத்தேன். தூண்டில் நரம்பு அறுந்தது.

"சரி, மரத்துக்கு ஒண்ணு" என்றார் சம்பந்தி.

மூன்றாவதாகத் தவளை. முள் முதுகோடு படிந்திருந்ததால் அல்லி இலைமேலேயே ஊர்ந்து வந்தது. குளிர்நாளில் மீன் மந்தமாக இருக்கும். ஓடிப் பிடிக்காது. வெயில் தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்கும்வரை காத்திருந்து, இலைக்கும் இலைக்கும் நடுவில் தவளையை நிறுத்தி நிறுத்தி இழுத்தேன். திடீரென்று தண்ணீர் வாய் திறந்ததுபோல ஒரு சத்தம். தவளையைக் காணவில்லை. கடல் பழக்கத்தில் உடனே கம்பை வெடுக்கென்று இழுத்தேன். தவளை பறந்து வந்து என் நெஞ்சில் அடித்து விழுந்தது.

சம்பந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தவளை வீட்டுக்குத் திரும்பிருச்சுய்யா! கடல்ல மீனெல்லாம் வாயில வாங்குனதும் முழுங்கிருமோ? விரால் அப்பிடி இல்ல. கவ்விக்கிட்டு உள்ள போயித்தான் முழுங்கும். போக விடுங்க."

இடையிடையே நான் தொடங்கிப் பார்த்தேன்.

"சம்பந்தி..."

"ம்?"

"இந்தப் பக்கம் ஆழம் எம்புட்டு இருக்கும்?"

இப்படியே மூன்று நான்கு தடவை ஆனது. அவருக்கு அந்தக் கண்மாயின் ஆழம் எல்லாம் ஒப்பிக்க வேண்டியதாயிற்று. உச்சி தாண்டி வெயில் சாய ஆரம்பித்தது.

ஆடு இரண்டு பக்கத்து மிளகாய்க் கொல்லையில் இறங்கிவிட்டன. அவர் சத்தம் போட்டுக்கொண்டே ஓடினார். நான் மடைப்பக்கம் தனியாக நின்றேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். ஒரு தட்டு அகலத்துக்குத் தண்ணீர் செக்கச்செவேலென்று கொதித்துக்கொண்டிருந்தது. பொடிப்பொடியாகச் சிவப்பு மீன்கள். மேலே வந்து மூச்சு வாங்கி அடங்கின, மறுபடி வந்தன.

கடலில் சிறுமீன் இப்படி மேலே வந்து திரண்டு துடித்தால் அடியில் பெரிய மீன் வேட்டையாடுகிறது என்று அர்த்தம். நாங்கள் வள்ளத்தைத் திருப்புவதே அதைப் பார்த்துத்தான். நானும் அப்படியே நினைத்தேன். தவளையைச் சிவப்புக்கு அப்பால் விழவைத்து, நடுவே இழுத்து வந்தேன். தண்ணீர் பிளந்தது. இந்தத் தடவை அவர் சொன்னபடி விட்டேன். நரம்பு இறுகியதும் இழுத்தேன். கம்பு வளைந்து கையில் நின்றது. என் முழங்கை நீளத்துக்குக் கறுத்த விரால் ஒன்று கரையேறி வந்தது.

"ஐயோ சம்பந்தி! அங்கனயா போட்டீக!"

அவர் கொல்லையிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை.

"அது குஞ்சுக்காரிய்யா! பிள்ளைகளக் காத்துக்கிட்டு நிக்கிது. வீட்ல புள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டு அதத் தொடலாமா? எங்கூர்ல சின்னப்பய கூடத் தொடமாட்டான்!"

கெளிறு வாயில் முட்டையைச் சுமக்கும், அது தெரியும். மற்றபடி கடலில் நான் பார்த்த மீனெல்லாம் முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகிறவைதான். குஞ்சைக் காவல் காத்து நிற்கும் மீனை நான் கண்டதில்லை. அந்த விரால் தவளையைத் தின்ன வரவில்லை. விரட்ட வந்திருக்கிறது.

மீனோடு தண்ணீரில் இறங்கி மண்டியிட்டேன். குளிர் இடுப்புவரை ஏறியது. ஒரு முள் வாயோரத்தில் ஏறியிருந்தது. பின்னுக்கு இழுத்தால் தாடை கிழியும். முள்ளை முன்னால் தள்ளி, வெளியே வந்த நுனியைக் கட்டிங் பிளேயரால் வெட்டி, மிச்சத்தைப் பின்பக்கமாக உருவினேன். ரத்தம் கொஞ்சம்தான். மீனைத் தண்ணீருக்குள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். செவுள் அசைந்தது. பிறகு ஒரே உலுக்கு. கையில் ஒன்றும் இல்லை.

"போயிருச்சு" என்றேன்.

"போறது பெருசில்ல. திரும்பி வரணும்" என்றார் அவர்.

குஞ்சுகள் சிதறிப் போயிருந்தன. காவல் இல்லாத இடத்தில் வேறு மீன்கள் வந்து சளக் சளக்கென்று அடிக்க ஆரம்பித்தன. ஒரு கொக்கு வேறு மடைக்கல்மேல் வந்து உட்கார்ந்தது. சம்பந்தி கல்லெறிந்து அதை விரட்டிவிட்டுக் கரையில் குந்தினார்.

"குஞ்சோட வந்து கூடுதான்னு பாத்துட்டுத்தான் எந்திரிப்பேன்."

நானும் ஈரவேட்டியோடு உட்கார்ந்தேன். அவர் சிரிக்கவில்லை, கேலி பேசவில்லை. தண்ணீரையே பார்த்தார். அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்தது. அந்த மீன் திரும்பவில்லை என்றால் இந்த மனிதர் என் பிள்ளையை என்னோடு அனுப்பமாட்டார். வாயால் காரணம் சொல்லமாட்டார், அவ்வளவுதான். மீன் திரும்பினால் கேட்டுவிடலாம் என்று நானும் தண்ணீரைப் பார்த்தேன். ஒரு சுழிப்பும் இல்லை. நிழல் நீண்டுகொண்டே போனது. தூரத்துச் சாலையில் ஒரு பஸ் ஹாரன் கேட்டபோது பாதி எழுந்துவிட்டேன். அது எதிர்ப்பக்கம் போகிற பஸ்.

மகள் இந்நேரம் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருப்பாள். அப்பன் வருவான், கேட்டிருப்பான் என்று. அவளும் ஒரு மீனை நம்பியா இருக்கிறாள்?

"சம்பந்தி" என்றேன்.

"ஆழமா? இங்கன ரெண்டு ஆள்" என்றார் திரும்பாமலே.

"ஆழமில்ல. அது கூடுனாலும் சரி, கூடாட்டியும் சரி. எம்பிள்ளைய இன்னைக்கி எங்கூட அனுப்புங்க."

சொல்லிவிட்டேன்.

அவர் மெதுவாகத் திரும்பினார். "இதக் கேக்கத்தான் வெடியக்காலம் பஸ் ஏறி வந்தீகளா?"

"ஆமா."

"அதுக்கு எதுக்குய்யா இம்புட்டுத் தவளை?"

நான் தவளையை எடுத்துப் பெட்டிக்குள் போட்டு மூடினேன்.

"வளைகாப்புல நீங்க கேப்பீக, கேப்பீகன்னு எங்க வீட்டுக்காரி பாத்துக்கிட்டே இருந்தா. பந்தக்காலப் பிடிச்சு நின்னுட்டுப் போயிட்டீக. பிள்ள நெனப்பே இல்லாத மனுசன்னு சொல்லிட்டா. அனுப்ப மனசில்லாம இல்ல. கேக்காத வீட்டுக்கு எப்பிடி அனுப்புறது?" பிறகு கேட்டார்: "அங்கன அவள யாரு பாத்துக்கிருவா?"

"எங்கக்கா ஒத்தச் சுவரு தள்ளித்தான் இருக்கு. ராத்திரி பிள்ளகூடவே படுத்துக்கிரும். ஆட்டோவுக்குச் சொல்லி வச்சிருக்கேன், ராம்நாடு ஆஸ்பத்திரிக்கு. வெந்நி வைக்கிறது, சோறாக்குறது நான் பாப்பேன். அவ அம்மா போனப்பறம் அவளுக்கு நாந்தான் ஆக்கிப்போட்டேன்."

ஒரே மூச்சில் நான் அவ்வளவு பேசியது அவருக்கும் புதிது, எனக்கும் புதிது.

அவர் சட்டென்று கையை நீட்டினார். "அந்தா, வந்துருச்சு."

மடைக்கருகே ஒரு வளையம் விரிந்ததுபோல இருந்தது. சிவப்பாக ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். சாய்ந்த வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசியது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் அதைச் சொல்லவில்லை. அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

வீட்டில் சம்பந்தியம்மா வாசலில் நின்றார். "காலைலருந்து போயி வெறுங்கையோடயா வாரீக?"

"சம்பந்தி கேட்டுட்டாரு" என்றார் இவர்.

"என்ன கேட்டாரு?"

"நீ அவருகிட்டயே கேளு."

இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது. ஆனாலும் சொன்னேன், அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்: "எம்பிள்ளைய அனுப்புங்கம்மா. நல்லபடியாப் பாத்துக்கிருவேன்."

சம்பந்தியம்மா என் ஈரவேட்டியை மேலும் கீழும் பார்த்தார். "இத அன்னைக்கே கேட்டிருந்தா இந்நேரம் அங்கன ரெண்டு மாசம் தின்னிருப்பா. விடிஞ்சா மார்கழி. பொழுதோட கெளம்புங்க" என்றவர், உள்ளே திரும்பி, "ஏத்தா, பையெடு" என்றார்.

மகள் கட்டிலுக்கடியிலிருந்து பையைக் காலால் தள்ளினாள். அது ஏற்கெனவே கட்டி, ஜிப் போட்டு, தயாராக இருந்தது. சம்பந்தியம்மா அதைப் பார்த்துவிட்டு அவள் தலையில் லேசாகக் குட்டினார். பிறகு அந்தக் கையாலேயே அவளுக்குத் திருநீறு பூசிவிட்டார்.

நாலு மணிப் பஸ் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. சம்பந்தி பையை ஏற்றிவிட்டு ஜன்னல் பக்கம் வந்தார்.

"பேறு ஆனதும் போன் போடுங்க. போன்ல பேசணும் சம்பந்தி, கம்ப எடுத்துக்கிட்டு வந்துறாதீக."

மகள் சிரித்ததில் பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் நகர்ந்தது. அவள் என் பெட்டியைத் திறந்து கறுப்புத் தவளையை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். ஒரு முள் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது.

"இது எப்பிடிய்யா ஒடிஞ்சுச்சு?"

"சொல்றேன்" என்றேன். ராமநாதபுரம் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.