வேப்பமரத்தடி டப்பா

ஆயுத பூஜை அன்று சுவேதா வேலைக்காகப் போலந்துக்குக் கிளம்பினாள். அவள் அப்பா டில்லிபாபு, என் சித்தப்பா, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். மெஷினுக்குச் சந்தனம் வைத்த கையைக் கழுவாமலே விமான நிலையம் போனாராம். "எறங்கினதும் போன் பண்ணு" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாராம். நான் அப்போது ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தேன். இதெல்லாம் சித்தி சொன்னது.

ஒரு வருடத்தில் வருவதாகச் சொன்னவளுக்கு லீவு தள்ளிக்கொண்டே போனது. நான் மேனாம்பேட்டில் சித்தப்பா வீட்டுக்குத் திரும்பியிருந்த சமயம், அவரிடம் போனில் ஒரு விளையாட்டைப் பற்றிச் சொன்னாள். யாராவது ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்தை மேப்பில் காட்டும் எண்களை மட்டும் தருவார்களாம். போனைப் பார்த்துக்கொண்டே போய்க் கண்டுபிடிக்க வேண்டுமாம். "இங்க ஞாயித்துக்கிழமை குடும்பம் குடும்பமா பார்க்ல தேடுவாங்கப்பா."

அடுத்த ஞாயிறே சித்தப்பா எங்களைப் பார்க்குக்கு இழுத்துப்போனார். கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. உள்ளே, அவரே லேத்தில் கடைந்த பித்தளைப் பம்பரம். வேப்பமரத்து வேர் இடுக்கில் வைத்துச் செங்கல்லால் மூடினார்.

"யோவ், பொணத்த பொதைக்கற மாரி இன்னாய்யா இது? வாட்ச்மேன் பார்த்தா உன்னையும் சேர்த்துப் பொதச்சிடுவான்" என்றாள் சித்தி லோகநாயகி.

"நீ கம்னு நில்லு. பாப்பா வந்து தேடி எடுக்கணும்."

அந்த இடத்து எண்களைச் சுவேதாவுக்கு அனுப்பினார். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் மரத்தடியில் குனிந்து, செங்கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். சித்தி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பாள். நடைப்பயிற்சிக்கு வரும் அனுசுயா அம்மா ஒருநாள் கேட்டார், "இன்னா விசேஷம் இந்த மரத்துல?"

விளையாட்டு என்று சொல்லச் சித்திக்கு வெட்கம். "பொண்ணு திரும்பி வரணும்னு..." என்று இழுத்தாள்.

அனுசுயா அம்மா அங்கேயே கைகூப்பினார். ஆடி மாதத்துக்குள் மரத்துக்கு மஞ்சள் துணி, குங்குமம், அகல் விளக்கு எல்லாம் வந்துவிட்டன. செங்கல்லுக்குப் பொட்டு.

"போச்சுடா, இனிமே தொறந்து பார்த்தா தர்ம அடிதான்" என்று சித்தப்பா சிரித்தார். பிறகு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தினி பேர் கும்புடறாங்க பாரு. வந்துடுவா இல்ல?"

சுவேதாவிடம் இதைச் சொல்லக் கூடாது என்றாள் சித்தி. "அவளுக்கு இன்னா கஷ்டமோ. இதுக்கு வேற அழுவணுமா?"

தை பிறந்ததும் எனக்கு மறுபடி கால் தரிக்கவில்லை, கிளம்பிவிட்டேன். வெகுகாலம் கழித்து, ஷில்லாங் மழையில் பேருந்துக்குக் காத்திருந்தபோது சுவேதாவின் செய்தி வந்தது.

"அக்கா, பார்க்ல கீறேன். நான் வந்தது ஊட்ல இன்னும் தெரியாது. போன் காட்டற எடத்துல கோயில் கீது, ஒரு அம்மா செருப்பைக் கழட்டச் சொல்றாங்க. கை உட்டு எடுக்கவா? இல்ல அப்பா ஷிப்ட் முடிஞ்சி வர்ற வரிக்கும் இங்கியே உக்காந்துகினு இருக்கவா?"