ஒன்பதாவது படி

கால் இடறி, அண்ணன் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். காலையிலிருந்து இது மூன்றாவது முறை.

“போதும், இறங்குண்ணா,” என்றாள் கீழே நின்ற தங்கை. “கண்ணு தெரியாம இனி மாடி எதுக்கு? நாளைக்கே உன் கட்டிலைக் கீழ போட்டுடறேன்.”

“உன் டிவி பக்கத்துல படுத்தா காதும் போயிடும். பரவாயில்லையா?”

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் கை, பிடியை விடவில்லை. பார்வை போன இந்த மூன்று வருடத்தில், யாரையும் எதுவும் கேட்காமல் அவர் நடமாடுவது அந்த மாடி அறையில் மட்டும்தான்.

பக்கத்தில் நின்ற தச்சருக்கு முகம் சுண்டிப்போயிற்று. செல்லரித்த பழைய படிக்கட்டைப் பிரித்துவிட்டு, பன்னிரண்டு நாள் உழைத்துப் பொருத்தியது இது. பதினான்கு படிகளையும் மறுபடி அளந்தார். எல்லாம் ஏழு அங்குலம். மயிரிழை பிசகில்லை.

“உங்க மேல குத்தமில்ல தம்பி. இவர் கண்ணுதான்,” என்றாள் தங்கை. அந்த ஆறுதல் கசந்தது. மூன்று முறையும் அவர் இடறியது ஒன்பதாவது படியில். அது ஏன்?

வீட்டின் பின்புறம் பழைய மரம் குவிந்து கிடந்தது. தச்சர் படிகளைத் தாங்கிய பக்கப் பலகையை இழுத்துப் போட்டு, எண்ணி, டேப்பை வைத்தார். ஒன்பதாவது வெட்டு மட்டும் ஆறு அங்குலம். பிரிக்கிற அவசரத்தில் கவனிக்கவில்லை.

பலகையோடு உள்ளே வந்தார்.

“அக்கா, என் பென்சில் மேல இருக்கு. எடுத்துத் தரீங்களா?”

அண்ணன்தான் முதலில் ஏற வேண்டும் என்று, அவள் அதுவரை புதுப் படியில் கால் வைக்கவில்லை.

“நீங்க போனா காலு தேஞ்சிடுமா?” என்று முணுமுணுத்தபடியே விறுவிறுவென்று ஏறினாள். “ஐயோ, அம்மா!”

இறங்கி நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணன் தலை நிமிர்ந்தார். “ஒன்பதா?”

அவள் குனிந்து படிகளை எண்ணினாள். ஒன்பதுதான்.

தச்சர் பலகையைத் தூக்கிக் காட்டினார். “பழைய படிக்கட்டுல அந்தப் படி ஒரு அங்குலம் குட்டைக்கா. நாப்பது வருஷமா ரெண்டு பேர் காலும் அதுக்குப் பழகிப்போச்சு. கண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

“நான் இடறினா என் கட்டில் கீழ. நீ இடறினா உன் கட்டில் எங்க? தெருவுலயா?” என்றார் அண்ணன்.

“இந்த வாய்க்கு மட்டும் ஒரு கொறையும் வரல,” என்றாள் அவள், படியில் உட்கார்ந்து பெருவிரலைத் தேய்த்துக்கொண்டு.

மறுநாள் எட்டு மணிக்குத் தச்சர் வந்தார். எட்டாவது படிக்கு நேராக, கைப்பிடியின் அடியில், அடுத்தது ஒன்பது என்று விரலுக்குத் தட்டுப்படும்படி உளியால் ஒரு சிறு வெட்டு போட்டு, உப்புத்தாளால் தேய்த்தார். மரத்தூளைக் கூட்டி அள்ளினார். அண்ணன் ஏழு முறை ஏறி இறங்கினார். ஒருமுறை இடறினார். கட்டில் மாடியிலேயே இருந்தது.