ஏறாத ஐந்தாவது கேசட்

எங்கள் ஹஃபீசா மச்சி ஒரே வருடத்தில் ஐந்து கேசட் ஆட்டங்களை டி.வி.யில் போட்டுப் பார்த்தார். எது பிடித்தது, எது ஏமாற்றியது என்று ஒரு பழைய நோட்டில் எழுதியும் வைத்தார். அந்த நோட்டில் ஐந்தாவது கேசட்டுக்கு எதிரே, "எல்லாவற்றிலும் பெரிய ஏமாற்றம். ஒருநாளும் ஏறவில்லை" என்று இருக்கும். அந்த வரியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் மச்சியைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொன்னால் புரியாது.

மச்சி என் சின்ன அண்ணன் கவுஸின் மனைவி. அண்ணன் மனைவியை லப்பைக்குடிக்காட்டில் நாங்கள் மச்சி என்றுதான் கூப்பிடுவோம். பெரம்பலூரில் பிறந்து எட்டாவது வரை படித்தவர். உயரம் அதிகம், நடையிலும் வேகம். ஆனால் எதையும் இரண்டாவது முறை பார்க்காமல் விடமாட்டார். அடுப்பை அணைத்துவிட்டு வந்தவர் மறுபடி போய் அணைந்திருக்கிறதா என்று பார்ப்பார். கடிதம் எழுதினால் ஒட்டுவதற்கு முன் முதல் வரியிலிருந்து படிப்பார். "அவளுக்கு அவ கை மேலயே நம்பிக்கை இல்ல" என்று அம்மா சொல்வார். நானும் அதற்குச் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பதில்லை.

அண்ணன் ஷார்ஜாவில் டி.வி. பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்த்தார். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அவர் ஊரில் இருந்த நாட்களைச் சேர்த்தால் ஏழு மாதம் வரும். 1988 பிப்ரவரியில் அவருடைய ஒப்பந்தம் முடிவதாக இருந்தது. மறுபடி கையெழுத்துப் போட்டால் இன்னும் மூன்று வருடம். போடாமல் வந்துவிடுவீர்களா என்று 87ஆம் வருட நோன்புக்கு முன்னால் மச்சி கேட்டு அனுப்பினார்.

கேட்டது கடிதத்தில் இல்லை, கேசட்டில். அரபு நாட்டில் ஆள் இருக்கிற வீடுகளில் டேப்ரெக்கார்டரில் பேசிப் பதிந்து, ஊருக்குப் போகிறவர் வருகிறவர் கையில் கொடுத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரே கேசட் நாலைந்து முறை போய் வரும். பழைய பேச்சின் மேலேயே புதுப் பேச்சைப் பதிந்துவிடுவார்கள். வருகிற கேசட்டைத் தனியாகக் கேட்கவும் முடியாது. அம்மா, மளிகைக்கடை வைத்திருக்கும் பெரிய அண்ணன்கள் இருவர், அவர்கள் வீட்டுப் பெண்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்த பிறகுதான் பொத்தானை அழுத்துவோம். அதனால் மச்சி தன் கேள்வியை ஒரு மதியம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். யாரும் வராமல் நான் வெளியே நின்று பார்த்துக்கொண்டேன். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்த எனக்கு ஒரு இடத்தில் அரைமணி நேரம் இருக்க முடியாது. அன்று இருந்தேன்.

நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு வாரத்தில், ஷார்ஜாவில் டிரைவராக இருக்கும் அடுத்த தெரு ஹுமாயூன் விடுமுறையில் வந்தார். ஒரு அட்டைப் பெட்டியை மச்சி கையில் கொடுத்தார். அதில் தட்டச்சு எந்திரம் போல எழுத்துப் பொத்தான்கள் வைத்த ஒரு கருவியும், இரண்டு ஒயர்களும், உறை இல்லாத ஐந்து கேசட்டுகளும் இருந்தன. நான்கில் பேனாவால் நம்பர் போட்டிருந்தது. ஐந்தாவதில் எதுவும் இல்லை.

கேசட்டுகளைப் பார்த்ததும் அம்மா தெருவையே கூப்பிட்டுவிட்டார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். முதல் கேசட்டைப் போட்டேன். தகரத்தைச் சிமெண்டுத் தரையில் இழுப்பது போல ஒரு கீச்சொலி வந்தது. நிற்கவே இல்லை. மகனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அம்மா அழத் தொடங்க, ஆள் அனுப்பி ஹுமாயூனைத் திரும்ப அழைத்து வந்தோம்.

"மாமி, இது பேச்சு இல்ல. டி.வி.யில ஆடுற ஆட்டம். இந்தச் சத்தத்துக்குள்ளதான் ஆட்டம் இருக்கு" என்றார் அவர்.

"சத்தத்துக்குள்ள என்னடா ஆட்டம்? எம் புள்ள குரல் எங்க?"

குரல் இல்லை. ஒரு பக்கக் கடிதம் மட்டும் இருந்தது. எல்லாருக்கும் சலாம், பெட்டியை ஹஃபீசா ஓட்டக் கற்றுக்கொள்ளட்டும், பதில் போடச் சொல்லவும். அவ்வளவுதான். தான் கேட்ட கேள்விக்கு ஒரு சொல்கூட இல்லை என்பதை மச்சி பார்த்தார். மறுபடி ஒருமுறை படித்தார். பிறகு, பெட்டி வந்து சேர்ந்தது, நன்றாக இருக்கிறது என்று பதில் எழுதிப் போட்டார். கேள்வி கேட்டவளுக்குப் பொம்மை அனுப்பியிருக்கிறார் என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

இருந்தாலும் பெட்டியை அவர் சும்மா விடவில்லை. கூட வந்த ஆங்கிலத் தாளை அகராதி வைத்து நான் படித்துச் சொல்ல, அவர் ஒயர்களை மாட்டினார். டேப்ரெக்கார்டரில் காதுக்கு மாட்டும் இயர்போனுக்கான ஓட்டையில் ஒரு ஒயரைச் சொருக வேண்டும். சொருகியதும் டேப்பின் சத்தம் நின்றுபோகும். சத்தம் முழுவதும் ஒயர் வழியாகப் பெட்டிக்குள் போய், ஐந்தாறு நிமிடத்தில் டி.வி.யில் ஆட்டமாக வரும். அதைத்தான் ஏறுகிறது என்று சொல்வோம்.

முதல் ஆட்டம் விமானச் சண்டை. ஏற ஆறு நிமிடம் ஆகும். நம் விமானம் விழ அரை நிமிடம்கூட ஆகாது. மூன்று நாளில் அதை ஒதுக்கிவிட்டோம். இரண்டாவது, பந்தைத் தட்டிச் செங்கல் சுவரை உடைப்பது. முதல் வாரம் சாப்பாட்டையே மறக்க வைத்தது. ஒரு சுவர் போனால் அதே மாதிரி இன்னொரு சுவர் வந்துகொண்டே இருந்ததில் எனக்கு அலுத்தது.

மூன்றாவது ரயில் ஆட்டம். தண்டவாளங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். இரண்டு பொத்தான்களை வைத்துத் தடம் மாற்றி, ரயில்கள் மோதாமல் அனுப்ப வேண்டும். முதலில் இரண்டு ரயில், பிறகு மூன்று, நான்கு. நான் ஐந்தாவது ரயிலைத் தாண்டியதில்லை. மச்சி ஒன்பது ரயில்களை ஓட்டினார். பிந்தி வரப்போகிற ரயிலை முன்கூட்டியே ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி இந்தப் பக்கம் வருவார். அம்மா சிரித்த அதே பழக்கம் அங்கே உதவியது. நோட்டில் அதற்கு எதிரே, "மிகவும் பிடித்தது. இதில் மோதினால் என் தப்புதான்" என்று எழுதினார்.

நான்காவது கோட்டை ஆட்டம். படம் குறைவு, ஆங்கில எழுத்துதான். எந்த வாசலில் நுழைவது, எதை எடுப்பது என்று தட்டச்சு செய்து சொல்ல வேண்டும். அகராதி கிழியும்வரை இரண்டு மாதம் போராடிக் கடைசிக் கதவைத் திறந்தோம். உள்ளே காலி அறை. மீதிக் கதை அடுத்த கேசட்டில் என்று ஒரு வரி. எங்களுக்குக் கோபமான கோபம். ஆனால் அதே வரியால்தான் நம்பர் இல்லாத ஐந்தாவது கேசட் கோட்டையின் மீதிக் கதை என்று முடிவு செய்தோம்.

அந்தக் கேசட் ஏறவே இல்லை. ஒயரைச் சொருகிப் போட்டால் டேப் சத்தமில்லாமல் சுற்றும். டி.வி. காத்துக்கொண்டே இருக்கும். ஒலியைக் கூட்டினோம், குறைத்தோம். டேப்ரெக்கார்டருக்குள் டேப் உரசிப் போகும் தலையைப் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தோம். ஐப்பசி மழையில் வெளியே போக முடியாத நாட்களில் தினமும் ஒருமுறை போட்டுப் பார்த்தோம். முப்பது முறையாவது இருக்கும். அம்மாவை அழவைத்த கீச்சொலிக்குப் பயந்து, ஒயர் இல்லாமல் எந்தக் கேசட்டையும் யாரும் கேட்கவில்லை.

இதற்கிடையில் அண்ணனின் கடிதங்கள் சுருங்கின. நலம், நலமறிய ஆவல், பணம் அனுப்பியிருக்கிறேன். மச்சியும் அதே அளவில் பதில் போட்டார். ஜனவரி கடைசியில் ஒரு கடிதம் வந்தது. முதலாளி பிப்ரவரி பத்தாம் தேதிக்குள் கையெழுத்துக் கேட்கிறார், போட்டுவிடலாம் என்று இருக்கிறேன் என்று அதில் எழுதியிருந்தார்.

மச்சி அதை இரண்டு முறை படித்து மடித்து வைத்தார். மகளுக்குக் காது குத்து வைத்து இன்னொரு விடுமுறையில் வந்திருந்த ஹுமாயூன் மறுநாள் காலை கிளம்புகிறார் என்று தெரிந்தது. வீட்டில் காலிக் கேசட் ஒன்றுகூட இல்லை. மதிய லுஹர் தொழுதுவிட்டு அம்மா படுத்த பிறகு, மச்சி ஐந்தாவது கேசட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"எதுக்கும் ஆகாத கேசட்டு. எம் பேச்சாவது இதுல போவட்டும்" என்றார்.

ஒயரைப் பிடுங்கிவிட்டு, பதியும் பொத்தானை அழுத்தினார். "அஸ்ஸலாமு அலைக்கும். ஹஃபீசா பேசுறேன். கையெழுத்துப் போடப் போறதா எழுதியிருக்கீங்க. நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லல. பரவாயில்ல. நல்லா இருங்க." நிறுத்தினார். வேறு யாராக இருந்தாலும் கேசட்டை எடுத்து அப்படியே கொடுத்துவிட்டிருப்பார்கள். மச்சி, சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்க்க, முதலுக்கு ஓட்டிக் கேட்டார்.

அவர் குரல் வந்தது. "நல்லா இருங்க" என்று முடிந்தது. டக்கென்று ஒரு சின்னச் சத்தம். பிறகு என் அண்ணன் பேசினார்.

"...அண்ணனுங்க கடையில போய் நிக்க என்னால ஆவாது புள்ள. அரியலூர்ல டி.வி., ரேடியோ ரிப்பேர் கடை போடலாம்னு இருக்கேன். சிமெண்டு ஃபேக்டரிக்காரங்க வூட்டுக்கு வூடு செட்டு வாங்குறாங்களாம். அந்த ஆட்டப் பெட்டிய நீ ஓட்டிப் பழகு, கடை முன்னாடி வைப்போம். அம்மா, அண்ணனுங்க எல்லாரும் ஒக்காந்து கேப்பாங்கன்னுதான் இதத் தனியா பேசி, ஒங்கையில குடுக்கச் சொல்லி ஹுமாயூன்கிட்ட குடுத்திருக்கேன். கூட்டுக் குடும்பத்த விட்டுத் தனியா வர ஒனக்குச் சம்மதமா? சம்மதம்னா ஒரே ஒரு வார்த்தை எழுது, வந்துடுறேன். எழுதலன்னா இஷ்டமில்லன்னு எடுத்துக்குவேன். கட்டாயப்படுத்த மாட்டேன்."

மச்சி டேப்பை நிறுத்தினார். எட்டு மாதமாக அந்தக் குரலைத்தான் நாங்கள் ஒயர் வழியாகப் பெட்டிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தோம். பெட்டி முப்பது முறை கேட்டுவிட்டது. நாங்கள் ஒருமுறையும் கேட்கவில்லை.

"திருப்பிப் போடு" என்றார் என்னிடம். போட்டேன். மறுபடியும் கேட்டார். அழவில்லை. தலையில் முக்காடைச் சரிசெய்துகொண்டு, "மூணரை பஸ்ஸு இருக்கா?" என்று கேட்டார்.

பல்வலி, ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பெரம்பலூர் போனோம். பஸ்ஸில் முப்பது கிலோமீட்டரும் எனக்கு நின்றுகொண்டே போக வேண்டும் போலிருந்தது. தபால் ஆபீஸ் மூடுவதற்குக் கொஞ்ச நேரமே இருந்தது. கேசட்டை இன்றுதான் கேட்டேன், சம்மதம், கையெழுத்துப் போடாதீர்கள், வாருங்கள் என்று நான் ஆங்கிலத்தில் தந்தி எழுதிக் கொடுத்தேன். கேசட்டைப் பற்றி இருப்பதை எடுத்துவிட்டால் வார்த்தை குறையும், காசும் குறையுமே என்றார் குமாஸ்தா.

"அதுதாங்க முக்கியம். இருக்கட்டும். எழுதினத ஒருதரம் படிச்சுக் காட்டுங்க" என்றார் மச்சி. படித்தார். "இன்னொரு தரம்" என்றார் மச்சி. குமாஸ்தா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் இன்னொரு தரமும் படித்தார்.

திரும்பும்போது ஹுமாயூன் வீட்டு வழியாகத்தான் வந்தோம். கவுஸ் தனியாகக் கொடுத்த கேசட் ஒன்று இருந்ததா என்று மச்சி கேட்டார்.

"ஆமா தங்கச்சி. பையில கெடந்தா நசுங்கிடும்னு ஆட்டப் பெட்டிக்குள்ள வெச்சேன். பெட்டிய ஒங்க கையிலதான குடுத்தேன்?"

மச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. ஹுமாயூனுக்கு எதுவும் புரியவில்லை. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அடுத்த ஆறு நாளும் மச்சி பெட்டியைத் தொடவில்லை. நான்தான் ரயில்களை மோத விட்டுக்கொண்டிருந்தேன். ஏழாவது நாள் தந்தி வந்தது. கையெழுத்துப் போடவில்லை, மார்ச்சில் வருகிறேன். மச்சி தந்தியை இரண்டாவது முறை படிக்காமலே அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அன்று மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் சாயங்கால அஸர் பாங்கு சொல்லும்வரை தூங்கினார். அடுப்பை அணைத்துவிட்டாரா என்று நான் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. அணைத்திருந்தார்.

தனிக்கடை என்றதும் பெரிய அண்ணன்கள் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் அவர்களே லாரி பிடித்துச் சாமான்களை ஏற்றிவிட்டார்கள். அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை. பின்கட்டில் வீடு. கடை முன்னால் டி.வி.யும் ஆட்டப் பெட்டியும். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். ரயில் ஆட்டத்தில் மச்சியின் ஒன்பதை இதுவரை யாரும் தாண்டவில்லை.

மச்சி தன் பேச்சைப் பதிந்ததில் அண்ணன் பேச்சின் தொடக்கம் அரை நிமிடம் அழிந்துபோய்விட்டது. அதில் என்ன சொன்னீர்கள் என்று மச்சி பல தடவை கேட்டுவிட்டார். சலாம் சொல்லியிருப்பேன், வேறென்ன, மறந்துபோச்சு என்கிறார் அண்ணன். மச்சி நம்பவில்லை. மேற்கொண்டு அழியாமல் இருக்க, கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளையும் கொண்டை ஊசியால் உடைத்துவிட்டார். அவை இல்லாவிட்டால் அதன் மேல் யாரும் பதிய முடியாது.

போன வாரம் நான் கடைக்குப் போயிருந்தபோது, ஒரு பையன் கேசட்டுகளைக் கிளறி நம்பர் இல்லாததை எடுத்து, இது என்ன ஆட்டம், இதைப் போடுங்கள் என்று கேட்டான்.

மச்சி அதை அவன் கையிலிருந்து வாங்கி மேசை டிராயருக்குள் வைத்தார்.

"அது ஏறாது தம்பி. ரயில போடுறேன், ஒக்காரு."