தரைக்கு அடியில் ரேஞ்சு கிடையாது

அப்பா செத்த மூன்றாம் நாள், எங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து எல்லாரும் மெட்ரோ ரயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, வருகிறவர்கள் வாடகை நாற்காலியில் கொஞ்ச நேரம் இருந்து, பக்கத்து வீட்டிலிருந்து வரும் பால் விடாத கட்டன்சாயாவைக் குடித்துவிட்டு, ‘போயிட்டு வாறேன்’ என்று சொல்லாமல் எழுந்து போக வேண்டும். திருவட்டாறு பக்கம் அதுதான் முறை. சாயாவுக்கும் எழுந்து போவதற்கும் நடுவில் எதையாவது பேசித்தானே ஆக வேண்டும்? செத்தவரைப் பற்றிய பேச்சு இரண்டு நாளில் தீர்ந்துவிடும். பிறகு இருப்பவன் மேல் வரும். இருப்பவன் நான். என்னைப் பற்றிப் பேச என் வேலையை விட்டால் வேறு சரக்கு கிடையாது.

என் வேலை ஆள் எண்ணுவது. பிளஸ் டூவில் கணக்கில் இரண்டு தடவை தோற்றவனுக்கு எண்ணுகிற வேலையைக் கொடுத்த புண்ணியவானை நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை. சர்வே எடுக்கும் ஒப்பந்தக்காரர் அவர். கொச்சி மெட்ரோவில் ஒரு ஸ்டேஷனில், பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு, என் முன்னால் வந்து நிற்கும் பெட்டியிலிருந்து எத்தனை பேர் இறங்குகிறார்கள், எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று கையிலிருக்கும் எண்ணி என்கிற சின்னக் கருவியில் கட்டைவிரலால் தட்ட வேண்டும். அதற்கு முன்னால் ஏழு மாதம் சென்னையில் இதே தட்டல்.

அப்பா கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவர். விடிவதற்கு முன்னால் எஸ்டேட் பஸ், பிறகு மலை, பிறகு திரும்பவும் எஸ்டேட் பஸ். மெட்ரோ ரயிலை அவர் டிவியில்தான் பார்த்திருக்கிறார். ஆனாலும் எந்த ஊர் ரயிலில் கூட்டம் அதிகம் என்பதில், கிரிக்கெட்டுக்குக் கட்சி சேர்வதுபோல சென்னைக் கட்சியில் சேர்ந்துவிட்டார். நான் கொச்சிக்குப் போனபிறகும் கட்சி மாறவில்லை. தினமும் வேலை முடிந்ததும் போன் வரும்; அம்மாவும் பக்கத்தில் இருந்து கேட்பாள்.

“இண்ணைக்கி ஆருலே ஜெயிச்சா?”

“கொச்சிதான் அப்பா. சென்னையில இண்ணைக்கி டிரைவரு மட்டும் தனியாப் போனான்.”

“போலே. ஒங்க ஊர்ல மழைக்கி ஒதுங்கக் கேறுகானுவ. அதயும் நீ ஆளுன்னு எண்ணுகே.”

“மழைக்கி ஒதுங்கினாலும் டிக்கெட் எடுக்கணும்லா.”

“எங்க எஸ்டேட் பஸ்ஸில கேறினதுல பாதிப் பேர ஒன் ரயிலு தாங்குமா? ஒரு சீட்டுல நாலு பேரு, மடியில ரெண்டு பேரு. வந்து எண்ணு பாப்போம்.”

சென்னையில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? வாய்க்கு வந்ததைச் சொல்வேன். நான் அளப்பது அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே மறுநாளும் கேட்பார்.

அப்பா செத்த அன்றைக்கு எனக்கு நாலு மணி முதல் எட்டு மணி வரை வேலை. மழை. ஐந்தரை தாண்டினபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். அம்மா. அந்த நேரத்தில் அம்மா அடித்தால் சாயா குடித்தாயா என்று கேட்பதற்குத்தான். ரயில் வேறு வந்துகொண்டிருந்தது. விரல் நின்றால் எண்ணிக்கை போச்சு. போனைத் திரும்பப் பையில் போட்டேன். இரண்டாவது தடவையும் பார்த்தேன். மூன்றாவது தடவையும் பார்த்தேன். ஒரு தடவை கதவு திறந்திருந்தது. ஒரு தடவை ரயிலே இல்லை, பிளாட்பாரம் காலியாகத்தான் கிடந்தது. அப்போதும் எடுக்கவில்லை.

எட்டு மணிக்குத் திரும்ப அடித்தேன். அத்தை எடுத்தாள். அப்பா ஆறரை மணிக்கே போய்விட்டார்.

மறுநாள் காலையில் வந்து இறங்கினதும் அத்தை, அப்பாவின் தங்கை, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “நெஞ்சு வலிக்கின்னு படுத்தவரு ஒன்னத்தான் கேட்டாரு மக்களே. ஆட்டோ வரதுக்குள்ள ஒங்கம்மா செல்போன அவரு காதுல வச்சு மூணு மட்டம் அடிச்சா. அவரு பெல்லு அடிக்கத கேட்டுட்டே கெடந்தாரு. நீ எடுக்கல்ல.”

“தரைக்கி அடியில நிண்ணேன் அத்தே. அங்க ரேஞ்சு கெடையாது.”

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. அப்பாவுக்குச் சென்னைக் கணக்கு சொல்வதுபோலவே வாயில் வந்தது. சென்னையில் எனக்குக் கொடுத்த ஸ்டேஷன் பூமிக்கு அடியில்தான் இருந்தது. பிளாட்பாரத்தின் ஒரு கோடியில் போன் எடுக்காது. அங்கே உண்மையாக இருந்த காரணத்தை இங்கே கொண்டுவந்து வைத்தேன். ரேஞ்சே இல்லாத இடத்தில் பெல் எப்படி அடிக்கும் என்று அத்தை கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் அது ஊர் முழுக்கப் போய்விட்டது. “அவன் என்ன செய்வான், பூமிக்கி அடியிலல்லா நிண்ணான்” என்று சொல்லி வந்தவர்களெல்லாம் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். அம்மாவும் அதைக் கேட்டுத் தலையாட்டினாள்.

எனக்கு அழுகை வரவில்லை. கொள்ளி வைத்தேன், குளித்தேன், கொடுத்த கஞ்சியைக் குடித்தேன். வேட்டியை மாற்றிவிட்டு முற்றத்தில் நின்று, வந்தவர்கள் வரிசையாகத் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பேன்ட் பைக்குள் என் கட்டைவிரல் சும்மா அசைந்துகொண்டிருந்தது. எண்ணியும் அந்தப் பையில்தான் கிடந்தது. அன்றைய எண்ணிக்கையை ஒப்படைக்காமலே பஸ் ஏறி வந்துவிட்டேன். சூப்பர்வைசர் தினமும் போன் செய்தார். எடுக்கவில்லை. போன் எடுக்காமல் இருப்பதில் கை தேர்ந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் முற்றத்தில் மாமாவும் அத்தானும் இருந்தார்கள். மாமா அம்மாவின் அண்ணன். சென்னையில் பலசரக்குக் கடை. அத்தான் அத்தையின் மகன். துபாய் மெட்ரோவில் ஸ்டேஷன் துடைக்கிற வேலை, லீவில் வந்திருந்தான்.

“மருமவனே, ஆளு எண்ணதுக்கு அங்க மிஷின் கதவு உண்டுமே? பின்ன நீ எதுக்கு?” என்றார் மாமா.

“கதவு டிக்கெட்ட எண்ணும் மாமா. எந்தப் பெட்டியில எத்தன பேரு தொங்குகான்னு அதுக்குத் தெரியாதுல்லா.”

“தொங்கணும்னா சென்னைக்கி வரணும். காலம்பற சென்ட்ரல்ல கதவு தொறந்தா நாம கேற வேண்டாம், கூட்டமே நம்மள உள்ள கொண்டு வச்சிரும்.”

அத்தான் சிரித்தான். “துபாய்ல வண்டிக்கி டிரைவரே கெடையாது மாமா, தெரியுமா? முன்னால கண்ணாடி. அங்க போயி நிண்ணா நாமதான் ஓட்டுகது போல இருக்கும்.”

“நீ எங்க முன்னால நிண்ண? தொடப்பமும் கையுமால்லா நிண்ண” என்றேன்.

“லேய், அந்தத் தொடப்பத்துக்கும் பேட்டரி உண்டும் கேட்டியா. அங்க ஆளு கேறதுக்கு முன்ன ஒரு மட்டம், எறங்கின பொறவு ஒரு மட்டம் தொடைக்கணும். எத்தன பேரு வந்தான்னு தரயப் பாத்தே நான் சொல்லுவேன். ஒன் மிஷினெல்லாம் வேண்டாம்.”

“அப்ப சென்னதான் பெருசு” என்றார் மாமா, அதற்கும் இதற்கும் தொடர்பில்லாமல்.

அப்பா இருந்திருந்தால் அந்த இடத்தில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டிருப்பார். நான் கொச்சிக்காக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என்ன சொல்ல வந்தேன் என்று இப்போது நினைவில்லை. அதற்குள் மாமா என் பக்கம் கைகாட்டி, “பாவம், இவன் நிண்ணது பூமிக்கி அடியில. இல்லேன்னா கடைசியா ஒரு வார்த்த பேசியிருப்பான்” என்றார்.

“எங்க?” என்றான் அத்தான்.

“கொச்சியிலதான்.”

“கொச்சியில ஏது மாமா அடியில? நான் பிளைட் எறங்கினா ஆலுவாயில மெட்ரோ கேறித்தானே எறணாகொளம் வருகேன்? முழுக்கத் தூணுக்கு மேலயாக்கும் போவுது. ஒரு குழி கெடையாது. கடைசி வர நான் வீடியோ கால்ல என் பிள்ளைகிட்டப் பேசிட்டே...”

பாதியில் நிறுத்திவிட்டான். மாமா சாயா கிளாசைப் பார்த்தார். அது காலி. அத்தான் என்னைப் பார்த்தான், பிறகு அம்மா உட்கார்ந்திருந்த வாசல்படியைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனான். பின்னாலேயே மாமாவும் போனார். மற்றவர்களுக்கு அது துட்டி வீட்டு முறை. அன்றைக்கு அந்த முறை எனக்கும் வசதியாக இருந்தது.

அம்மா வாசல்படியிலிருந்து எழுந்திருக்கவில்லை. நான் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது நாற்காலியில் கூப்பிட்டாள்.

“மக்களே. அங்க ரேஞ்சு உண்டும், இல்லியா?”

“உண்டும்.”

“நான் அடிச்சத நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“மூணும்?”

“மூணும்.”

திட்டுவாள் என்று காத்து நின்றேன். திட்டவில்லை. சாணி மெழுகின தரையில் விழுந்து கிடந்த ஒரு பூவைப் பொறுக்கி மறுபடியும் தரையிலேயே போட்டாள்.

“பின்ன என்ன செய்துட்டிருந்த?”

“எண்ணிட்டிருந்தேன்.”

அப்போது போன் அடித்தது. சூப்பர்வைசர். நான் அணைக்கப் போனேன்.

“எடு” என்றாள் அம்மா.

“அது எண்ணிக்க கேக்கதுக்கும்மா. பொறவு பேசிக்கிடலாம்.”

“எடுலே. அவ்வளவு நேரம் நிண்ணு எண்ணினதுல்லா. சொல்லிக் குடு.”

எடுத்தேன். பையிலிருந்து எண்ணியை எடுத்து, அதிலிருந்ததை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன். அவர் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார். எதற்காக லீவு என்று கேட்டார், சொன்னேன். அவர் ஏதோ சொன்னார். சரி சார் என்று வைத்தேன். அம்மா என் கையிலிருந்த எண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது கூடுதலா, கொறவா?”

“கொறவுதான். அண்ணைக்கி நல்ல மழை.”

அம்மா சுவரைப் பிடித்து எழுந்தாள்.

“அப்பம் அண்ணைக்கி சென்னதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் மீதி நாற்காலிகளை அடுக்கினேன்.