மூன்றாம் தொட்டி வெண்டை

"மார்ச் 9, ஞாயிறு, காலை 7 மணி. முதல் தொட்டி வெண்டை: இலைக்கு அடியில் தத்துப்பூச்சி பதினொன்று. மூன்றாம் தொட்டி: ஒன்று. மண், தண்ணீர், வெயில் எல்லாம் ஒன்றே. ஏன்?"

அக்காவின் நோட்டிலுள்ள குறிப்பு இது. ஆண்டு எழுதவில்லை, கிழமையை வைத்துப் பார்த்தால் சென்ற ஆண்டு.

கேளம்பாக்கத்தில் பிறந்த அக்கா பதினேழு வயதில் அம்மாவை இழந்தார். எனக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டே கல்லூரிக்குப் போனார். பிறகு தாம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை, ஓய்வு பெறும் வரை. 2015 வெள்ளத்தில் முடிச்சூர் வீட்டுத் தோட்டம் போனதும் மொட்டைமாடியில் தொட்டிகள் வைத்தார். எந்த மருந்தும் அடிக்கக் கூடாது என்பது அவருடைய ஒரே விதி.

மூன்றாம் தொட்டி இலையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது அடிப்புறம் முழுக்க நெருக்கமான முடி. சாறு உறிஞ்சவும் முட்டையிடவும் தத்துப்பூச்சிக்கு அது தடை.

"ஆனா வெள்ளை ஈ அதே முடியிலதான்டா ஒதுங்குது. ஒருத்தன விரட்டுது, இன்னொருத்தனுக்கு எடம் குடுக்குது. விசித்திரமா இல்ல?" என்று போனில் கேட்டார்.

அக்காவின் கணவரான மாமாவுக்கு அந்தச் செடி ஆகாது. "காய் பறிச்சா கையெல்லாம் அரிக்குது. பூச்சி என்ன, நானே கிட்ட போக மாட்டேன்."

"அப்ப நீங்களும் ஒரு ஆதாரம்தாங்க."

இந்தக் குணம் விதை வழியாக வருமா என்பதே அக்காவின் அடுத்த கேள்வி. இரு செடிகளின் விதையையும் எடுத்து, ஜூனில் வகைக்கு ஆறாக விதைத்தார். ஆகஸ்டில், அக்காவுக்கு ஏற்கெனவே இருந்த நோய் முற்றியதால் மருத்துவமனையில் சேர்த்தோம். பதினெட்டு நாள் கழித்து வீடு திரும்பியவர், முதலில் மாடிக்குத் தூக்கிப் போகச் சொன்னார். பன்னிரண்டு செடியும் ஒன்றுபோலப் பச்சையாக நின்றன. அக்காவின் முகம் மாறியது.

"ஏங்க, என்ன பண்ணீங்க?"

"நீ வரும்போது வாடிக் கெடந்தா மனசு ஒடஞ்சிடுவியேன்னு... வேப்பெண்ணெய்தான். வாரம் ரெண்டு தடவ."

"ரெண்டு வரிசைக்குமா?"

"ஆமா."

"டெஸ்ட்டே போச்சு! பாரபட்சம் மட்டும் பாக்கல," என்று சிரித்துவிட்டார். நோட்டில் அன்று எழுதியது: "சோதனை செல்லாது. காரணம்: வீட்டுக்காரர்."

மிச்ச விதையை மாமாவிடம் கொடுத்தார். "அடுத்த ஆடியில போடுங்க. கை மட்டும் வைக்காதீங்க." செப்டம்பர் 16 அன்று மறைந்தார்.

மருத்துவமனைக்கு மாறி மாறிச் சாப்பாடு கொண்டுவந்த எதிர்வீட்டாருக்கும், நாற்காலியோடு அக்காவை மாடி ஏற்றிய கீழ்வீட்டு அண்ணன் தம்பிக்கும், இந்த முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி.

ஆடி பிறந்ததும் மாமா விதைத்தார். வேப்பெண்ணெய் பாட்டிலை அவராகவே என்னிடம் கொடுத்துவிட்டார். இதை அச்சுக்குக் கொடுக்கும் இன்று, மூன்றாம் தொட்டி விதையில் முளைத்த ஆறு செடிகளிலும் இலைக்கு அடியில் முடி இருக்கிறது, நானே பார்த்தேன். தத்துப்பூச்சி இன்னும் எந்தத் தொட்டிக்கும் வரவில்லை. ஆகவே தாய்ச்செடியின் எதிர்ப்பு இவற்றுக்கும் வந்திருக்கிறதா என்பது இதுவரை உறுதி செய்யப்படவில்லை.